தடிக்கு அடி றப்பர்

பச்சை மேசையில் பந்தடிக்கிற பில்லியட் தடியின் அடியில் ஒரு றப்பர் குமிழ் இருக்கும். விளையாடுகிறவர்களில் பாதிப்பேர் அதைக் கவனித்திருக்க மாட்டார்கள். தடி செய்கிற எனக்கோ, நுனியில் ஒட்டுகிற தோலையும் நடுவில் பூட்டுகிற பித்தளையையும் விட அந்தக் குமிழ்தான் அதிகம் தலையிடி தந்தது. மரம் பிழை என்றால் கடையும்போதே தெரிந்துவிடும். றப்பர் பிழை என்றால் வாங்கினவரின் வீட்டுத் தரையில்தான் தெரியும்.

அமிர்தகழியில் வாவிப் பக்கமாக இருக்கிறது என் கடைசல் பட்டறை. கட்டில் கால், கதிரைக் கால், தொட்டில் கம்பு என்று கடைந்துகொண்டிருந்தவன் நான். ஒரு கடற்கரை ஹோட்டலில் உடைந்துபோன தடியைத் திருத்தக் கொண்டுவந்தார்கள். திருத்திக் கொடுத்த கையோடு, முதிரை மரத்தில் அதே போல ஒன்றைக் கடைந்து பார்த்தேன். நன்றாக வந்தது. அப்படித்தான் இந்தத் தொழிலுக்குள் விழுந்தேன்.

என் இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. ஊரில் என் வயதில் கால் இல்லாதவனைக் கண்டால் ஷெல்லா, மிதிவெடியா என்றுதான் கேட்பார்கள். சீனி வருத்தத்தில், நீரிழிவில், வெட்டி எடுத்தது என்று சொன்னதும் கேட்டவரின் முகத்தில் மரியாதை ஒரு படி இறங்குவதைப் பார்த்திருக்கிறேன். அதற்கும் எனக்குக் கோபம் வரும். எனக்குக் கோபம் வருவதற்குப் பெரிய காரணம் ஒன்றும் தேவையில்லை என்று என் மனைவி சொல்லுவாள்.

பொய்க்கால் ஒன்று இருக்கிறது. கோயிலுக்கும் கலியாண வீட்டுக்கும் அது. மற்ற நேரமெல்லாம் ஊன்றுகோல். ஊன்றுகோலின் அடியிலும் றப்பர்தான் என்பதால், எந்த றப்பர் எந்தத் தரையில் என்ன செய்யும் என்பதை யாரும் எனக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. வங்கியின் மாபிள் தரையில் ஒரு மாதிரிப் பிடிக்கும், மழை நாளில் மீன் சந்தையில் இன்னொரு மாதிரி வழுக்கும். யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். யானைக்கு நாலு கால், விழுந்தாலும் எழும்பிவிடும்.

பின்னேரங்களில் நகரத்துக் கழகம் ஒன்றுக்கு விளையாடப் போவேன். அங்கே ஒரு வழக்கம் உண்டு. யாராவது நல்ல அடி அடித்தால், பார்த்துக்கொண்டு நிற்கிறவர்கள் தங்கள் தடியின் அடியைத் தரையில் இரண்டு தரம் தட்டுவார்கள். கைதட்டுவதில்லை, சத்தம் போடுவதில்லை. டொக் டொக். அவ்வளவுதான். ஆனால் அதைக் கேட்பதற்காகவே கஷ்டமான பந்தைத் தேடி அடிக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

எனக்கு மட்டும் எல்லாவற்றுக்கும் தட்டினார்கள். ஓட்டைக்கு முன்னால் சும்மா இருக்கிற பந்து, ஊதினாலே விழும். நான் ஊன்றுகோலை மேசையில் சாய்த்துவிட்டு, இடுப்பை விளிம்பில் முட்டுக் கொடுத்துக் குனிந்து அதை உள்ளே தள்ளினால், அறை முழுக்க டொக் டொக். அதில் முதல் ஆள் என் கூட்டாளி. பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்குப் பலகையில் இருந்தவன், இப்போது கழகத்தின் செயலாளர். அவன் தட்டுகிற தட்டில் சுவரில் சாத்தி வைத்த தடிகள் ஆடும்.

என் காலை எடுப்பதற்கு முன்னால் அவன் எனக்கு அப்படித் தட்டியதே இல்லை. லேசான பந்தைத் தவறவிட்டால் ஏசுவான். இப்போது விட்டாலும் “பரவாயில்ல மச்சான்” என்கிறான். அந்தப் பரவாயில்லையைக் கேட்கிறபோது நெஞ்சு எரியும். கால் போனதற்கு நான் அழவில்லை. இதற்கு ஒருநாள் பட்டறையில் தனியாக இருந்து அழுதிருக்கிறேன். எனக்கு வேண்டியிருந்தது ஒன்றுதான்: அவன் முன்னைப் போல என்னோடு விளையாட வேண்டும்.

அந்த நேரத்தில் கழகத்தில் புதிதாக வெள்ளை மாபிள் பதித்தார்கள். பதித்துச் சில நாளிலேயே தரை முழுக்கக் கறுப்புக் கீறல். தடிகளில் இருந்தது சைக்கிள் கடையில் வாங்கிப் போட்ட கறுப்பு றப்பர், தட்டத் தட்டக் கரி பிடித்தது. எல்லாத் தடிகளுக்கும் றப்பர் மாற்றித் தரும்படி கூட்டாளி என்னிடம் கேட்டான். ஓம் என்றேன். சொல்லும்போதே மனதில் ஒரு குறுக்குப் புத்தி ஓடியது. கரி பிடிக்காத றப்பர் போடுவதோடு, சத்தமே வராத றப்பராகப் போட்டால் என்ன? தட்டட்டும், கை வலிக்கத் தட்டட்டும், எனக்குக் கேட்காது.

அதற்கு ஏற்றது லேசில் கிடைக்கவில்லை. செருப்பு றப்பர் மென்மையானது, ஆனால் திருகாணியை இறுக்கினால் பிய்ந்துவிடும். கராஜில் கிடைத்த பழைய எஞ்சின் றப்பரில் எண்ணெய் ஊறியிருந்தது. இயற்கை றப்பருக்கும் எண்ணெய்க்கும் ஆகாது, ஊதிப் பிசினாகிவிடும். சில கடைகளில் றப்பர் புதிது மாதிரித் தெரியும். நான் அதை மடித்து மடிப்பில் நகத்தால் கீறிப் பார்ப்பேன். உப்புக்காற்றில் அலுமாரியில் கிடந்தது என்றால் மயிரிழை மாதிரி வெடிப்புத் தெரியும். பிறகு வெள்ளைக் கடதாசியில் தேய்த்துப் பார்ப்பேன். கடைக்காரர்களுக்கு என்னைக் கண்டாலே அலுப்பு.

கடைசியில் காத்தான்குடியில் ஒரு ஹாட்வெயார் கடையில் கிடைத்தது.

“என்ன சாமானுக்குத் தம்பி?” என்று கேட்டார் கடைக்காரர். அந்த ஊரில் அண்ணனைக் காக்கா என்றுதான் கூப்பிடுவோம்.

“தரையில இடிச்சாலும் சத்தம் வரப்படா காக்கா. கோடும் விழப்படா.”

“அப்ப வாசிங் மெசினுக்குக் கீழ வைக்கிற றப்பர் எடுங்க. வீடே ஆடினாலும் அது பேசா.”

வெண்சாம்பல் நிறம், தொட்டால் பணியாரம் மாதிரி அமுங்கியது. சவர்க்காரத் தண்ணீரில் கத்தியை நனைத்து நனைத்து வட்டமாக வெட்டினேன். றப்பரை வெட்டுவதற்கு அதுதான் வழி, காய்ந்த கத்தி பிடித்து இழுக்கும். நடுவில் குழி எடுத்து, திருகாணியின் தலை தரையில் படாதபடி உள்ளே இறக்கி, எல்லாத் தடிகளுக்கும் பூட்டினேன். அவ்வளவு கவனமாக நான் செய்த குறும்பு வேறு இல்லை.

அன்று பின்னேரம் முதல் லேசான பந்தைப் போட்டேன். அத்தனை பேரும் தட்டினார்கள். சத்தம் இல்லை. தலையணையில் குத்தியது போல ஒரு பொத். எனக்கு உள்ளே குளிர்ந்தது. கூட்டாளி தடியைத் தூக்கி அடியைப் பார்த்தான், திரும்பவும் தட்டிப் பார்த்தான். பிறகு தடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கைதட்டத் தொடங்கினான். மற்றவர்களும் தட்டினார்கள். யாரோ ஒருவன் விசிலும் அடித்தான்.

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதை. டொக் டொக் என்றாலும் அது விளையாடுகிறவனுக்குக் கொடுப்பது. இது பாலர் பள்ளி விழாவில் ஆடிவிட்டு இறங்குகிற பிள்ளைக்குக் கொடுப்பது. என்னால் பொறுக்க முடியவில்லை.

“நிப்பாட்டுங்கடா!” என்று கத்திவிட்டேன். “நீ இந்தப் பந்தைப் போட்டா எவனாவது தட்டுவானா? எனக்கு மட்டும் என்னத்துக்குடா தட்டுறீங்க? நான் கையாலதானே விளையாடுறன்?”

கூட்டாளியின் முகம் சுருங்கிப்போயிற்று.

“சந்தோசத்துலதானே மச்சான் தட்டினம்,” என்றான்.

“எனக்கு உன்ட சந்தோசம் வேணாம்.”

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னேன். மனைவி மீன் வெட்டிக்கொண்டிருந்தவள், தலையை நிமிர்த்தவில்லை. “அவங்க ஒண்டும் செய்யாமப் பேசாம இரிந்தா, மறுகா அதுக்கும் கோவிச்சிருப்பீங்க,” என்றாள்.

அதன்பிறகு கழகத்தில் யாருக்கும் யாரும் கைதட்டவில்லை. எல்லோரும் செத்த வீட்டில் சீட்டு விளையாடுகிறவர்கள் மாதிரி அடக்கமாக விளையாடினார்கள். அடுத்த கிழமை கூட்டாளி ஒரு அடி அடித்தான். வெள்ளைப் பந்து இரண்டு விளிம்பில் பட்டுத் திரும்பி, மறைந்துகிடந்த பந்தை மூலை ஓட்டைக்குள் தள்ளியது. அவன் ஆயுளில் அப்படி ஒன்று அடித்திருக்க மாட்டான். எல்லோரும் பழக்கத்தில் தட்டினார்கள். பொத் பொத். நானும் தட்டினேன், மனதாரத் தட்டினேன், என் காதுக்கே அது கேட்கவில்லை. அவன் நிமிர்ந்து, யாராவது பார்த்தார்களா என்பது போலச் சுற்றிப் பார்த்தான். என்னிடம் வந்து, குரலை உயர்த்தாமல் சொன்னான்.

“உனக்குத் தட்டல்ல. சரி. எங்கட சத்தத்தையும் ஏன் மச்சான் எடுத்தாய்?”

நான் வேண்டுமென்றே செய்தது அவனுக்குத் தெரிந்திருக்கிறது. எப்போதிருந்து என்று நான் கேட்கவில்லை. “மாத்தித் தாறன்,” என்று மட்டும் சொன்னேன்.

சத்தமும் வர வேண்டும், கோடும் விழக்கூடாது. இந்தத் தரம் அதிகம் அலையவில்லை. பாமசி மருந்துக்கடையில் ஊன்றுகோலுக்கு விற்கிற சாம்பல் நிற றப்பர் என் கையிலேயே இருந்தது, இவ்வளவு நாளும் அதை ஊன்றித்தான் மற்றதைத் தேடித் திரிந்திருக்கிறேன். தடிக்கு அது பெரிது. ஒரு மரக்கட்டையில் பூட்டி, லேத்தில் ஓடவிட்டு, உப்புத்தாள் பிடித்துத் தேய்த்துச் சிறிதாக்கினேன். மென்மையான பக்கத்தை வெட்டி எறிந்துவிட்டுக் கனமான அடிப்பகுதியை மட்டும் எடுத்தேன். தேய்க்கும்போது வந்த நாற்றத்தில் பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

எங்கள் வீட்டு விறாந்தையிலும் மாபிள்தான். அங்கே வைத்துத் தட்டிப் பார்த்தேன். குசினியில் இருந்து மனைவி கத்தினாள்: “கேக்குது! எத்தின தரம் தட்டுவீங்க? ஆரோ வாசல்ல வந்து நிக்காங்க எண்டு ரெண்டு தரம் எழும்பி வந்திட்டன்.” அதைவிட நல்ல பரிசோதனை இல்லை. நிலத்தைத் துடைத்துப் பார்த்தேன், கோடு இல்லை.

எல்லாத் தடிகளுக்கும் புது றப்பர் பூட்டிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கூட்டாளி ஒன்றைத் தூக்கித் தரையில் தட்டினான். டொக். தலையை ஆட்டினான். பிறகு என்னோடு ஒரு ஆட்டம் போடுவோம் என்றான்.

முதல் பந்து லேசானது. போட்டேன். ஒருவரும் தட்டவில்லை. இரண்டாவதும் லேசானது, அதற்கும் இல்லை. அவன் ஒரு நீளமான அடி அடித்துப் போட்டபோது எல்லோரும் தட்டினார்கள், நானும் தட்டினேன். நல்ல சத்தம். இடையில் நான் அவசரப்பட்டு, ஓட்டையின் வாயில் நின்ற பந்தைத் தவறவிட்டேன். பரவாயில்லை என்பான் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

“எருமை! இதையும் விடுவியா?” என்றான்.

கடைசியில் தோற்றது நான்தான். தோற்றவன் எதிர்க்கடையில் தேத்தண்ணி வாங்கி வர வேண்டும், அது கழகத்தின் எழுதாத சட்டம். கால் போன பிறகு நான் தோற்ற நாள்களில் யாராவது ஒருவர் சத்தமில்லாமல் பிளாஸ்கை எடுத்துக்கொண்டு போய்விடுவார். அன்றைக்கும் ஒருவர் எழும்பினார். கூட்டாளி அவரைப் பிடித்து இருத்திவிட்டு, பிளாஸ்கை எடுத்து என் கழுத்தில் மாட்டினான்.

“என்ன பாக்கிறாய்? தோத்தது நீதானே. போ.”

ரோட்டைக் கடந்து, கடைக்காரர் ஊற்றித் தரும்வரை காத்து நின்று, திரும்பவும் வாகனங்களுக்குள்ளால் கடந்து வந்து சேர எனக்கு நேரம் எடுத்தது. பிளாஸ்கின் மூடியைச் சரியாகப் பூட்டாமல் வந்திருக்கிறேன். அவன் ஒரு வாய் குடித்துவிட்டு, ஆறிப் போயிற்று, ஒரு தேத்தண்ணி ஒழுங்காகக் கொண்டுவரத் தெரியாதா என்று எல்லோருக்கும் முன்னால் ஏசினான். இன்னும் கொஞ்சம் ஏசட்டும் என்று அவன் முன்னாலேயே நின்றுகொண்டிருந்தேன்.