முடிச்சுப் போட்ட துணி

பிழைக்கத் தெரியாத மனுஷனைக் காட்டச் சொன்னால், நான் கூசாமல் என் வீட்டுக்காரரைக் காட்டுவேன். துணி விற்கிறவர்கள் சட்டையை உதறி விரித்து, "கலரப் பாருங்க, தொட்டுப் பாருங்க" என்பார்கள். இவர் உள்பக்கத்தைத் திருப்பி, "இங்க பாருங்க, தையல் வுட்டிருக்கு" என்று ஆரம்பிப்பார். வாங்க வந்தவரே மனசு கேட்காமல், "பரவால்லண்ணே" என்று இவருக்கு ஆறுதல் சொல்ல வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அவர் பேர் பொன்னுரங்கம். என் பேர் காசியம்மாள். குடியிருப்பது கள்ளக்குறிச்சியில், வியாபாரம் கல்வராயன் மலைமேல், வெள்ளிமலை சந்தையில். பனியன் கம்பெனி, சட்டைக் கம்பெனிகளில் கழித்துவிட்ட துணி உளுந்தூர்பேட்டைக்கு லாரியில் மூட்டை மூட்டையாக வரும். செகண்ட்ஸ் என்பார்கள். அதை எடுத்து வந்து வீட்டில் பிரித்து, சந்தையன்று குட்டியானை வண்டியில் ஏற்றிக்கொண்டு கச்சிராயபாளையம் வழியாக மலையேறுவோம். நாலு மூங்கில் நட்டு மேலே ஒரு தார்ப்பாய் கட்டினால் அதுதான் எங்கள் கடை.

கல்யாணமான புதிதில் அவர் ரிஷிவந்தியம் பக்கம் கரும்பு வெட்டிக்கொண்டிருந்தார். சொந்த நிலம் என்று ஒரு சாண்கூடக் கிடையாது. கரும்பின் காய்ந்த சோகை இலை சட்டையை என்ன பாடு படுத்தும் என்று வெட்டினவர்களுக்குத்தான் தெரியும். புதுச்சட்டை போட்டுக்கொண்டு போவார். சாயங்காலம் உடம்பு ஒரு பக்கம், கை ஒரு பக்கமாக வருவார். துணி கெட்டியாகத்தான் இருக்கிறது, தையல்தான் காலை வாரிவிடுகிறது என்று அப்போது கண்டுபிடித்தாராம். அதிலிருந்து யாரைப் பார்த்தாலும் இவர் கண் நேராக அக்குளுக்குத்தான் போகும். என் தம்பி கல்யாணத்தில் மாப்பிள்ளையின் கையைத் தூக்கிப் பார்த்து என் மானத்தை வாங்கினார்.

"வெலையெல்லாம் வெளிப்பக்கம் காசி, ஒழைப்பு உள்பக்கம்" என்பார். "கம்பெனிக்காரன் பேரு காலர்ல இருக்குது. தச்ச பொண்ணு பேரு உள்தையல்லதான் இருக்குது." தையல் ஓரத்தில் தாராளமாகத் துணி விட்டிருந்தால், "புண்ணியவதி, நல்லா வுட்டிருக்கா" என்று தடவிக் கொடுப்பார். நூல் கோணிக்கொண்டு போயிருந்தால் அதற்கும் திட்ட மாட்டார். "பாவம், அந்தப் பொண்ணுக்குத் தூக்கம் சொக்கியிருக்கும். நாள் பூரா ஒரே கையத் தச்சிக்கினு இருந்தா இன்னா பண்ணும்?" என்று உச்சுக்கொட்டுவார்.

"எந்தப் பொண்ணுய்யா அவ? பேரு இன்னா, ஊரு இன்னா?" என்று நான் கேட்டால் போதும், முகம் சிவக்கச் சிரிப்பார்.

மூட்டையைப் பிரித்ததும் ஒவ்வொரு துணியையும் திருப்பி, வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, தையலை இரண்டு பக்கமும் இழுத்துப் பார்ப்பார். எங்கே குறை இருக்கிறதோ அங்கே சிவப்பு நூலில் ஒரு முடிச்சு. வாங்குகிறவர்கள் பார்த்து வாங்கட்டும், வீட்டுக்குப் போய் முடிச்சை எடுத்துவிட்டு ஒரு தையல் போட்டுக்கொள்ளட்டும் என்று. "நம்ம சரக்கோட கொறைய நாமளே தண்டோரா போடணுமா?" என்று நான் கத்தாத நாளில்லை.

என் வாயை அடைத்தவர்கள் மலைக்காரர்கள்தான். போகப்போக அவர்கள் முடிச்சு இருக்கும் துணியை மட்டுமே கேட்க ஆரம்பித்தார்கள். முடிச்சு இல்லாததை நீட்டினால், "இத நீங்க பாக்கவே இல்லபோல" என்று கீழே வைத்துவிடுவார்கள். முடிச்சு இருந்தால் இந்த மனுஷன் அதை முழுசாகப் புரட்டிப் பார்த்துவிட்டார், அந்த ஒரு இடம் தவிர மற்றதெல்லாம் கெட்டி என்று கணக்காம். சடையன் என்று ஒருவர், ஒரு குறையும் இல்லாத சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, "எனக்கும் ஒரு முடிச்சு போட்டுத்தான் குடுக்கணும்" என்று மல்லுக்கு நின்றார்.

"இல்லாத கொறைக்கு நான் எங்கய்யா போவேன்?" என்றார் இவர். சந்தையே கூடிச் சிரித்தது.

அப்படி நம்பியவர்களில் ஒருத்தி அம்சவள்ளி. அவள் மகள் சந்தியாவுக்குக் கள்ளக்குறிச்சியில் கல்லூரியில் இடம் கிடைத்தது. விடுதியில் தங்கிப் படிக்கப் போகும் பெண்ணுக்கு, முதல் நாள் போட்டுக்கொள்ள எங்களிடம்தான் ஒரு பச்சைச் சுடிதார் வாங்கினாள். கீழ் ஓரத்தில் கொஞ்சம் சாயம் பட்டிருந்தது, அங்கே முடிச்சு இருந்தது.

பிறகு ஒரு சந்தையன்று அந்தச் சுடிதாரை மடித்து எடுத்து வந்து இவர் முன்னால் வைத்தாள்.

"அண்ணே, முடிச்சு கீழ இருந்துச்சு. கிழிஞ்சது மேல."

முதல் நாள் பேருந்தில் நல்ல கூட்டம். சந்தியா கையைத் தூக்கி மேல் கம்பியைப் பிடித்ததும் அக்குளில் தையல் பிரிந்துகொண்டது. பிறகு கம்பியைப் பிடிக்காமல், கையை உடம்போடு ஒட்டிக்கொண்டு, பிரேக் போடும்போதெல்லாம் யார் மேலோ விழுந்து எழுந்து, கல்லூரிவரை அப்படியே நின்றிருக்கிறது பெண். வகுப்பில் பேர் கூப்பிட்டபோதுகூடக் கையைத் தூக்கவில்லையாம்.

அம்சவள்ளி சண்டை போடவில்லை. போட்டிருந்தால் நானும் ஒரு கை பார்த்திருப்பேன். "நீங்க பாத்திருப்பீங்கன்னு நான் திருப்பிக்கூடப் பாக்கலண்ணே" என்று மட்டும் சொன்னாள். இவர் துணியைத் திருப்பி, மூக்கில் இடிக்கிற அளவுக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தார். அதைப் பார்த்ததும் எனக்குத் திக்கென்றது. வேறு சுடிதார் எடுத்துக்கொள்ளச் சொன்னார். "இன்னொரு நாளைக்குப் பாக்கறேண்ணே" என்று அவள் போய்விட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். "கண்ணு தெரியலையாய்யா?"

"பொங்கல்லேர்ந்து பொகையாட்டம் இருக்குது. வலது கண்ணுல ஜாஸ்தி."

"இத்தினி நாளா என்கிட்ட ஒரு வார்த்த சொல்லல. அப்ப எப்புடிப் பாத்து முடிச்சுப் போட்ட?"

"வெரல்லதான். வெரலுக்குத் தெரியும்னு நெனச்சேன்."

கண்டபடி திட்டினேன். திட்டிக்கொண்டேதான் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனேன். கண்ணில் புரை வளர்ந்திருக்கிறது, ஆபரேஷன் செய்தால் சரியாகிவிடும், ஆனால் சர்க்கரை ஜாஸ்தி, அது இறங்கட்டும், தீபாவளி கழிந்து வாருங்கள் என்றார்கள். எங்களுக்குத் தீபாவளிதான் பெரிய வியாபாரம். மூட்டைகள் வீட்டுக்கு வந்துவிட்டன. இவர் அவற்றைப் பிரிக்கவே இல்லை.

"பாக்காத துணிய விக்க மாட்டேன்."

"ஊர்ல எவன்யா பாத்து விக்கிறான்? லைட்டு போட்ட கடையில உக்காந்து விக்கிறவன் ஒவ்வொண்ணையும் திருப்பிப் பாத்துக்கினா இருக்கான்?"

"யாரும் பாக்காததனாலதான் அந்தப் பொண்ணு கம்பியப் புடிக்காம நின்னுச்சு" என்றார்.

சரி, நம்ம கண் நன்றாகத்தானே இருக்கிறது என்று நானே சிவப்பு நூலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒரு கட்டு ஜீன்ஸ் பேன்ட். அய்யே, எல்லாவற்றிலும் முட்டியில் ஓட்டை! ஓட்டைக்கு ஓட்டை முடிச்சுப் போட்டு அடுக்கி வைத்தேன். இவர் ஒன்றை எடுத்துத் தடவிப் பார்த்தார்.

"இது கிழிஞ்சது இல்ல காசி, கிழிச்சது. ஃபேஷன். இதுக்குத்தான் வெல ஜாஸ்தி."

"இந்தக் கண்றாவிக்குக் காசு வேறயா?"

பல நாளுக்குப் பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன். சிரித்து ஓய்ந்ததும் நூலை என் கையிலிருந்து மெல்ல வாங்கி வைத்தார். "உன்னால ஆவாது புள்ள. தெரியாம முடிச்சுப் போட்டா அவங்கள ஏமாத்துன மாதிரி" என்றார். நான் போட்ட முடிச்சுகளையெல்லாம் தடவித் தடவி அவிழ்த்தார். "மூட்டைய ஏத்து. போலாம். ஆனா அங்க நான் பேசுவேன், நீ நடுவுல வாயத் தொறக்கக் கூடாது."

தீபாவளிக்கு முந்திய சந்தை. சாமை விற்றவர்கள், கடுக்காய் விற்றவர்கள் எல்லோரும் கையில் காசோடு வந்திருந்தார்கள். நாங்கள் துணியைக் கொட்டியதுமே கூட்டம் மொய்த்துவிட்டது. உட்கார்ந்தே வியாபாரம் செய்கிற மனுஷன் அன்றைக்கு எழுந்து நின்றார்.

"யாரும் எடுக்காதீங்க. மொதல்ல கேளுங்க. என் கண்ணுல பொரை. இதுல ஒரு துணிகூட நான் பாக்கல, எதுலயும் முடிச்சு இல்ல. முன்ன ஒரு தபா தெரியாமயே தெரிஞ்ச மாதிரி குடுத்துட்டேன். ஒரு பொண்ணு தலைகுனிஞ்சிச்சு. அதனால நீங்களே திருப்பிப் பாத்து எடுங்க. மனசில்லன்னா வேற கடைக்குப் போங்க. நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்."

சந்தையில் எல்லோரும் எங்களையே பார்த்தார்கள். ரெண்டு பேர் கையில் எடுத்ததைப் போட்டுவிட்டு நகர்ந்தார்கள். எனக்கு அவமானம் தாங்கவில்லை. இந்த மனுஷனை இழுத்து உட்காரவைக்கலாமா என்று கை பரபரத்தது.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு அம்சவள்ளி முன்னால் வந்தாள். பின்னாலேயே சந்தியா, தீபாவளி லீவுக்கு ஊருக்கு வந்திருக்கிறாள். அம்சவள்ளி துணிக்குவியல் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு நீலச் சுடிதாரை எடுத்து உள்பக்கம் திருப்பினாள். தையலை இவர் இழுக்கிற மாதிரியே ரெண்டு பக்கமும் இழுத்தாள். அதைப் பார்த்து மற்றப் பெண்களும் உட்கார்ந்தார்கள். ஆளுக்கொன்றாகத் திருப்பினார்கள்.

"அண்ணே, இதுல காலரு கோணியிருக்கு."

"இதுல பொத்தான் ஆடுது, பாத்துக்கங்க."

விற்கிறவருக்கு வாங்குகிறவர்கள் குறையை எடுத்துச் சொன்னார்கள். இவர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். முகம் மட்டும் அம்சவள்ளி குரல் கேட்ட பக்கமே திரும்பியிருந்தது.

அவள் அந்த நீலச் சுடிதாரை மகளிடம் நீட்டினாள். சந்தியா அதைத் தான் போட்டிருந்த உடுப்பின் மேலேயே மாட்டிக்கொண்டாள். நேராக எங்கள் தார்ப்பாய்க்கு அடியில் வந்து, மேலே குறுக்கே கட்டியிருந்த மூங்கிலைப் பேருந்துக் கம்பியைப் பிடிப்பதுபோல எட்டிப் பிடித்தாள். உடம்பை முன்னும் பின்னும் ஆட்டினாள்.

"மாமா, இப்பப் பாருங்க."

இவருக்கு என்ன தெரியும்? நீலமாக ஏதோ நிழல் ஆடியிருக்கும். காதைச் சாய்த்து, தையல் பிரியும் சத்தம் வருகிறதா என்று கவனித்தார்.

"கையத் தூக்கியிருக்கியா பாப்பா?"

"ரெண்டு கையும் தூக்கியிருக்கேன் மாமா."

தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டு அப்படியே துணிக்குவியல்மேல் உட்கார்ந்துவிட்டார். என் வீட்டுக்காரர் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்.