மாத்திருக்கணும்

மேனேஜர் என்னை உள்ளே கூப்பிட்டுக் கண்ணாடிக் கதவைச் சாத்தினார். அவர் அறைக் கதவு எப்போதும் திறந்தே கிடக்கும். வேலை போகப்போகிறது என்றுதான் நினைத்தேன். அவரோ, இத்தாலியன் கற்றுக்கொள்ள முடியுமா என்று கேட்டார்.

அது தொண்ணூறுகளின் கடைசி. இருங்காட்டுக்கோட்டையில் கார் கதவுத் தகடுகளை அழுத்தித் தரும் ஒரு தொழிற்சாலையில், மெயின்டனன்ஸ் அறையில் எனக்கு வேலை. எந்த மெஷின் எவ்வளவு நேரம் நின்றது, ஏன் நின்றது என்று எழுதிவைக்க வேண்டும். இத்தாலியிலிருந்து வாங்கிய பெரிய பிரஸ் ஒன்று, ஓட ஆரம்பித்த நாளிலிருந்தே எண்ணெய் கக்கிக்கொண்டிருந்தது. அதைப் பொருத்திவிட்டுப் போன இத்தாலியர்கள் இரண்டு பேரும் என்ன கோளாறு என்று பார்க்கத் திரும்பி வரப்போகிறார்கள். போன முறை அவர்கள் நம் ஆட்களை வைத்துக்கொண்டே தங்கள் மொழியில் பேசிச் சிரித்தது மேனேஜருக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. கோளாறு என்னவென்று அவர்களுக்குத் தெரியும், தெரிந்தே மறைக்கிறார்கள் என்று அவர் நம்பினார்.

"உன் டேபிள் அங்கதான் இருக்கு. நீ யார்கிட்டயும் அதிகம் பேச மாட்ட. உன்ன யாரும் சந்தேகப்பட மாட்டாங்க. அவங்க பேசுறத கேட்டு எங்கிட்ட சொல்லு. உனக்கு அந்த பாஷை தெரியும்னு அவங்களுக்குத் தெரியக் கூடாது," என்றார்.

ஒரு புத்தகமும் சில கேசட்டுகளும் கொடுத்தார். வீட்டிலும் சொல்ல வேண்டாம் என்றார்.

கம்பெனி பஸ்ஸில் வாக்மேனைக் காதில் மாட்டிக்கொண்டு வினைச்சொற்களை முணுமுணுப்பேன். பார்லோ, பார்லி, பார்லா. பேசுகிறேன், பேசுகிறாய், பேசுகிறாள். வீட்டில் பாத்திரம் துலக்கும்போதும் வாய் ஓடும். அம்மா இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தாள். மூன்றாம் நாள், "இன்னா எப்பப்பாரு வாய்க்குள்ளயே பேசிகினு கீற?" என்று கேட்டாள். ஆபீஸ் வேலை என்றேன். அவள் நம்பவில்லை. நான் இல்லாத நேரத்தில் என் பையைப் பார்த்திருக்கிறாள். புரியாத எழுத்தில் ஒரு புத்தகத்தைக் கண்டதும் பயம் கூடிவிட்டது. செவ்வாய்க்கிழமை என்னை வல்லக்கோட்டைக்கு இழுத்துக்கொண்டு போய் முருகன் முன்னால் நிறுத்தி, "எதுவா இருந்தாலும் இவன்கிட்டயாவது சொல்லிடு," என்றாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். உதடு மட்டும் அசைந்ததாம். அதையும் சந்தேகத்தோடுதான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எனக்கு ஆங்கிலம் கடைசிவரை பயம்தான். இத்தாலியன் அப்படிப் பயமுறுத்தவில்லை. 'வந்தேன்' என்றால் நான், 'வந்தாள்' என்றால் அவள் என்று நமக்குக் கடைசி எழுத்திலேயே தெரிந்துவிடுகிறது அல்லவா, அவர்களுக்கும் அப்படித்தான். யார் செய்தது என்பது வினையின் வாலில் இருக்கும். ஒற்று ஒன்று கூடினால் பொருள் மாறும். 'அவ்ரேமோ' என்றால் எங்களிடம் இருக்கும். 'அவ்ரெம்மோ' என்றால் இருந்திருந்தால் தேவலை என்கிற மாதிரி, நடக்காத ஒன்றைப் பற்றிய பேச்சு. கனிக்கும் கன்னிக்கும் வித்தியாசம் கேட்கிற காதுக்கு இது பெரிய காரியமில்லை. என்னைத் திணறடித்தது இன்னொரு வடிவம். உறுதியாகத் தெரிந்ததைச் சொல்ல வினைக்கு ஒரு முடிவு. 'நினைக்கிறேன்', 'சந்தேகப்படுகிறேன்' என்று தொடங்கினால் அதே வினைக்கு வேறு முடிவு. 'காபீஷே' என்றால் அவளுக்குப் புரிகிறது. 'புரிகிறது என்று நினைக்கிறேன்' என்றால் அது 'காபீஸ்கா' ஆகிவிடும். சந்தேகத்துக்கென்று தனியாக ஒரு பட்டியல் போட்டு மனப்பாடம் செய்யும் மனிதர்களை அன்றுதான் அறிந்தேன்.

இத்தாலியர்கள் வந்தார்கள். ஒருவர் வயதானவர், நரைத்த மீசை. மற்றவர் என்னைவிடச் சில வருடங்களே மூத்தவராக இருப்பார். டீ நேரத்தில் என் மேஜைக்கு எதிரில்தான் உட்காருவார்கள். கேசட்டில் வந்த வேகமா அது? பொருள்களின் பெயர் ஒன்றும் பிடிபடவில்லை. வால்கள் மட்டும் கேட்டன. நாங்கள், அவர்கள், நாங்கள், நீ. பேனாவைப் பிடித்துக்கொண்டு எழுதுவதுபோல் குனிந்திருப்பேன். சாயங்காலம் மேனேஜர் கேட்பார், ஒன்றுமில்லை என்பேன். நாலாவது முறை அப்படிச் சொன்னபோது அவர் என்னையே உற்றுப் பார்த்தார்.

ஒரு மதியம் இளையவர் எண்ணெய்க் கையோடு வந்து உட்கார்ந்து மெதுவாகச் சொன்னார். மெதுவாகச் சொன்னதால்தான் எனக்கு முழுதாகக் கேட்டது. வால்வு என்பது அவர்கள் மொழியிலும் கிட்டத்தட்ட வால்வுதான். "லா வால்வோலா... அவ்ரெம்மோ தோவூத்தோ காம்பியார்லா." மூத்தவர் தலையாட்டினார். நான் உடனே எழுந்து போகாமல், டீ முடிகிறவரை உட்கார்ந்திருந்துவிட்டு மேனேஜரிடம் போனேன்.

"வால்வ மாத்திருக்கணும்னு பேசிக்கிட்டாங்க சார்," என்றேன்.

அவர் நாற்காலியில் நிமிர்ந்தார். "நெனச்சேன். நம்ம ஆளு எவனோ மாத்திருக்கணும். ஒரிஜினல கழட்டிட்டு லோக்கல் வால்வ போட்டிருக்கணும்," என்றார்.

அதுவரை இத்தாலியர்கள் மேல் இருந்த சந்தேகம் ஒரு நிமிடத்தில் வேறு பக்கம் திரும்பியது. உதிரிபாக அலமாரியின் சாவி ஃபிட்டர் ஒருவரிடம் இருந்தது. கோவில்பட்டிப் பக்கம் ஊர், என் வயதுதான், நாலு பேரோடு பக்கத்தில் ரூம் எடுத்துத் தங்கியிருந்தார். ஷிப்ட் முடிந்து போகும்போது கேட்டில் அவர் பையை எல்லோர் முன்னாலும் கொட்டிப் பார்த்தார்கள். டிபன் பாக்ஸும் ஒரு சட்டையும் இருந்தன. மறுநாளிலிருந்து பிரஸ் பக்கம் போகக் கூடாது, டைம் ஆபீஸ் வெளியே உட்கார வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள்.

அன்று சாயங்காலம் பஸ் ஏறினோம். மழை பிடித்துக்கொண்டது. பக்கத்து சீட்டில் இருந்த அசெம்பிளிப் பெண், "எங்கண்ணன் துணிய எடுத்திருக்கணும்," என்றாள்.

எடுத்துவிட்டாரா, எடுக்கவில்லையா என்று கேட்டேன்.

"வூட்ல இருந்தான்னா எடுத்திருப்பான். அதத்தான் சொல்றேன்," என்றாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவள் 'எடுத்திருப்பான்' என்ற பொருளில் சொன்னாள். நான் அதை 'எடுக்கவில்லையே' என்ற குறையாகக் கேட்டேன். நான் மேனேஜரிடம் சொன்னதும் அதே மாதிரிச் சொல்தான். 'மாத்திருக்கணும்' என்றால் மாற்றாமல் விட்டது தப்பு என்றும் ஆகும், யாரோ மாற்றிவிட்டார்கள் என்றும் ஆகும். யார் என்பது அதில் இல்லவே இல்லை. இத்தாலியன் சொல்லிலோ இரண்டும் இருந்தன. நாங்கள் மாற்றியிருக்க வேண்டும், மாற்றவில்லை.

காலையில் முதல் வேலையாக மேனேஜரிடம் போய் விளக்கினேன். அவர் பொறுமையாகத்தான் கேட்டார். பிறகு, "நேத்து ஒண்ணு சொன்ன. இன்னிக்கு வேற சொல்ற. நடுவுல அந்தப் பையன் உன்கிட்ட பேசினானா?" என்றார். இல்லை என்றேன். இந்த ஒற்று இருந்தாலே நடக்காததைச் சொல்வதுதான் என்று புத்தகத்தைக் காட்டினேன். அவர் புத்தகத்தைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்தார்.

அறைக்குத் திரும்பினேன். ஜன்னல் வழியே ஃபிட்டர் வெயிலில் உட்கார்ந்திருப்பது தெரிந்தது. டீ வந்தது. இத்தாலியர்கள் வந்து எதிரில் உட்கார்ந்தார்கள். இளையவர் என் பக்கம் திரும்பாமலே சொன்னார்: "கிரேதோ கே காபீஸ்கா."

அவளுக்குப் புரிகிறது என்று நினைக்கிறேன். அந்த அறையில் இருந்த 'அவள்' நான் ஒருத்திதான். முகத்தை மாற்றாமல் டீ கிளாஸை எடுத்து வாயருகே கொண்டுபோனேன். மூத்தவர் என்னைப் பார்த்து, சாதாரணக் குரலில், "நொன் சி முவோவா," என்று ஏதோ சொன்னார். மரியாதையாகச் சொல்லும் கட்டளை அது: அசையாதீர்கள். அதற்குப் பின் வந்த சொற்கள் எனக்குத் தெரியாதவை. பூச்சியோ தேளோ மேலே ஏறுகிறதென்று நினைத்து, கிளாஸ் பாதி வழியில் இருக்க அப்படியே உறைந்துவிட்டேன்.

என் மேல் ஒன்றும் இல்லை. புரியாதவளாக இருந்தால் பேசாமல் டீயைக் குடித்திருப்பாள்.

"காபீஷே," என்றார் இளையவர். 'நினைக்கிறேன்' போய்விட்டது. சந்தேகத்தின் வடிவத்தையும் விட்டுவிட்டார்.

இனி மறைக்க ஒன்றுமில்லை. கிளாஸைக் கீழே வைத்தேன். 'அவ்ரெம்மோ'வை 'அவ்ரெப்பே' என்று மாற்றி, மனதுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துவிட்டு, என் வாழ்க்கையின் முதல் இத்தாலிய வாக்கியத்தை மூத்தவரிடம் கேட்டேன்: "கீ அவ்ரெப்பே தோவூத்தோ காம்பியார்லா?" யார் அதை மாற்றியிருக்க வேண்டும்?

அவரோ, மேனேஜர் கேட்கச் சொன்னாரா என்று திருப்பிக் கேட்டார். இல்லை, நான்தான் என்றேன். இளையவர் சொல்லாதே என்பதுபோல் அவர் கையைத் தொட்டார். நான் ஜன்னலுக்கு வெளியே உட்கார்ந்திருந்த ஃபிட்டரைக் காட்டினேன். அதற்கு மேல் சொல்ல என்னிடம் வினைச்சொல் இல்லை. மூத்தவர் வெளியே எட்டிப் பார்த்தார்.

"நோய்," என்றார்.

நம் காதுக்குத்தான் அது நோய். அவர்களுக்கு அது 'நாங்கள்'.

அவரே எழுந்து மேனேஜர் அறைக்குப் போனார். என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. கண்ணாடி வழியே அவர் ஃபிட்டரைக் காட்டித் தலையை ஆட்டுவதும், பிறகு தன் நெஞ்சில் விரலை வைப்பதும் மட்டும் தெரிந்தன. மதியத்துக்குள் ஃபிட்டரை உள்ளே வரச் சொல்லிவிட்டார்கள். புது வால்வு அவர்கள் செலவில் வந்தது. பிரஸ் எண்ணெய் கக்குவதை நிறுத்தியது.

மேனேஜருக்கு அதில் சந்தோஷம்தான். ஆனால் என்னைக் கூப்பிட்டு, "உன்ன கேக்கத்தான சொன்னேன், யாரு பேசச் சொன்னா?" என்றார். அதற்குப் பின் மெயின்டனன்ஸ் அறையில் அவர் முக்கியமான எதையும் என் முன்னால் பேசியதில்லை. இத்தாலியர்களும் அப்படித்தான். என்னைப் பார்த்தால் வணக்கம் சொல்வார்கள், பிறகு தங்கள் ஊர் வட்டார வழக்குக்கு மாறிவிடுவார்கள். புத்தகத்தில் இருந்த ஒரு வாலும் அதில் இல்லை.

ஃபிட்டர் சில நாள் கழித்து என் மேஜைக்கு வந்தார். "மொதல்ல போட்டுக் குடுத்தது நீங்கதானாமே மேடம்," என்றார். நடந்ததை முதலிலிருந்து சொன்னேன். மாத்திருக்கணும் என்றால் மாற்றவில்லை என்ற பொருளில்தான் சொன்னேன் என்றேன். நின்று முழுவதும் கேட்டார்.

"இருக்கும்," என்றார்.

அந்த ஒரு சொல்லோடு போய்விட்டார். அடுத்த பொங்கலுக்குள் மறைமலை நகரில் வேறு கம்பெனியில் சேர்ந்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன்.

அதற்கடுத்த வருடம் கொரியாவிலிருந்து ஒரு வெல்டிங் லைன் வந்தது. மேனேஜர் மறுபடி கண்ணாடிக் கதவைச் சாத்தினார். கொரியன் கற்றுக்கொள்கிறாயா என்றார். கற்றுக்கொள்கிறேன், ஆனால் அவர்கள் வந்த முதல் நாளே எனக்குத் தெரியும் என்று அவர்களிடம் சொல்லிவிடுவேன் என்றேன். யோசித்துச் சொல்வதாகச் சொன்னார். மறுவாரம் ஸ்டோர்ஸில் இருந்த ஒருவர், டிபன் பையிலிருந்து எட்டிப் பார்த்த புதுப் புத்தகத்தை என்னைக் கண்டதும் உள்ளே தள்ளிக்கொண்டார்.