கோடு விழுந்த பெயர்கள்

எங்கள் ஊர் மாரியம்மன் பண்டிகை நோட்டீஸை டைப் செய்யும் வேலை வருடா வருடம் என் தலையில்தான் விழும். வீட்டில் கம்ப்யூட்டர் வைத்திருப்பது நான் செய்த பாவம். காசில்லாமல் கிடைக்கும் ஓப்பன் சோர்ஸ் ரைட்டர் மென்பொருளில்தான் அடிப்பேன்.

ஒரு வருடம் இரண்டு பங்காளிகளில் யார் பெயர் முதலில் வருவது என்று கமிட்டி ஆறு தடவை மாற்றிச் சொன்னது. சலித்துப்போய், மாற்றங்களைப் பதிவு செய்யும் வசதியைப் போட்டுவிட்டு, யார் சொல்லி மாற்றினேன் என்று ஓரத்தில் குறித்தும் வைத்தேன். நீக்கிய பெயர்கள் போகாமல், மேலே சிவப்புக் கோடு விழுந்து திரை முழுக்கத் தெரியவே அவற்றை மறைத்தேன். மறைத்தால் போய்விடும் என்று நினைத்து, அந்த ஃபைலையே நாமக்கல் அச்சகத்துக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டேன்.

மத்தியானம் அச்சகத்துப் பெண் போன் செய்தார்.

"ஏனுங்க, ரெண்டு பேரு மேலயும் கோடு போட்டு அடிச்சிருக்குதுங்களே, இப்படியே பிரிண்ட் போட்டரலாங்களா?"

உயிரோடு இருப்பவர்கள் பெயரை அடித்துக் கோயில் நோட்டீஸ் கொடுத்திருந்தால், அந்த வருடம் தேர் நகர்ந்திருக்காது.

"வேண்டாம் சாமி, நிறுத்துங்க!" என்று கெஞ்சினேன்.

இப்போதெல்லாம் மாற்றங்களை ஏற்று, குறிப்புகளை நீக்கி, பிடிஎஃப் ஆக்கி, மனைவியின் போனில் திறந்து பார்த்த பிறகே அனுப்புகிறேன். கோடு போட்ட பழைய ஃபைலையும் அழிப்பதில்லை. "நான் எப்பங்க அப்படிச் சொன்னேன்?" என்று கமிட்டியில் யாராவது கேட்பார்கள். அடுத்த வருடமும் கேட்பார்கள்.