ஊசி நின்ற டிரைவர்

டெச்சிமான் ஊர் வேன் நிலையத்தில் துவும்ஃபோவைப் பற்றிச் சொல்வார்கள்: தொப்பை முதலில் வரும், ஆள் பின்னால் வருவார். அங்கிருந்து குமாசி நகருக்குப் பயணிகள் வேன் ஓட்டினார். வேன் சொந்தமில்லை; சந்தையில் துணி வியாபாரம் செய்யும் பிராகோ அம்மாவுடையது.

அந்த வறட்காற்றுக் காலத்தில் அவருக்குத் தாகம் அடங்கவே இல்லை. ரத்தம் குறைந்துவிட்டது என்று நினைத்தார். ரத்தம் ஊற எங்கள் பக்கம் மால்ட் என்ற போதையில்லாத பாட்டில் பானம்தான் குடிப்போம். கறுப்பாக இருக்கும், பாகு மாதிரி இனிக்கும். குடிக்கக் குடிக்கத் தாகம் கூடியது. வழியெல்லாம் வேனை நிறுத்திவிட்டுப் புதருக்குள் போனார்.

"டிரைவரண்ணே, காட்டுக்கெல்லாம் தண்ணி பாய்ச்சிட்டுத்தான் குமாசி போவீங்களா?" என்றாள் பின்சீட்டுப் பெண். அவரும் சேர்ந்து சிரித்தார்.

மறுவாரம் நிலையத்திலேயே வாந்தி எடுத்து, மூச்சு இரைத்து விழுந்தார். சர்க்கரை எகிறி ரத்தம் அமிலமாகியிருந்தது. ஆஸ்பத்திரியில் இன்சுலின் ஏற்றிப் பிழைக்க வைத்தார்கள். இனி தினமும் இன்சுலின் ஊசி என்றார்கள். பார்க்க வந்தவர்கள் வழக்கப்படி மால்ட் பெட்டியோடு வந்தார்கள். மனைவி ஃப்ரேமா கட்டிலை மறித்து நின்றாள். "கொல்றதுன்னா ஒரேயடியா கொன்னுடுங்க. பாட்டில் பாட்டிலா வேண்டாம்."

பிராகோ அம்மாவும் வந்தார். "ஊசி போட்டா ஓட்டும்போதே மயக்கம் வரும்கிறாங்க. அந்த ஆளை நம்பி அத்தனை உசிரை ஏத்தி அனுப்ப மாட்டேன்பா. ஊசி நிக்கட்டும், வேன் சாவி தர்றேன்."

நிற்கும் என்று யாரும் நம்பவில்லை. ஆனால் சில மாதங்களில் சர்க்கரை இறங்கிக்கொண்டே வந்தது. டாக்டர் இன்சுலினைக் குறைத்துக் குறைத்து நிறுத்தியே விட்டார்; மாத்திரை மட்டும் தந்தார்.

"நம்ம ஆளுங்கள்ல நிறைய பேருக்கு இப்படி ஆகுது. சர்க்கரை ஏறினா கணையம் சோர்ந்து படுத்துடும்; இறக்கிவிட்டா எந்திரிச்சிடும். குணமாயிடுச்சுன்னு நினைக்காதீங்க, திரும்பவும் படுக்கும். மாத்திரையை விட்டுடாதீங்க," என்றார்.

போதகர் விஷயம் கேள்விப்பட்டு, கர்த்தர் குணமாக்கினார் என்று ஞாயிறு ஆராதனையில் சாட்சி சொல்லக் கூப்பிட்டார். மீதி ஊசிகளைக் கொண்டுவந்து சபை முன்னால் மிதித்து நொறுக்க வேண்டுமாம். முன்வரிசையில் பிராகோ அம்மா. 'சுகமாயிட்டேன்' என்று சொன்னால் போதும், சாவி வந்துவிடும்.

துவும்ஃபோ மைக்கைப் பிடித்தார். "கர்த்தருக்கு நன்றி. ஊசி நின்னுடுச்சு, மாத்திரை நிக்கல. இது திரும்ப வரலாம்னு டாக்டர் சொல்றார். அதனால ஊசியெல்லாம் வீட்லயே வெச்சிருக்கேன்."

போதகர் அவசரமாகப் பாடகர் குழுவுக்குக் கைகாட்டினார்.

வாசலில் பிராகோ அம்மா அவரைப் பிடித்துக்கொண்டார். "ஏன்பா, சுகமாயிட்டேன்னு சொல்லிட்டுப் போக வேண்டியதுதானே?"

"சொல்லிட்டு, ஓட்டும்போது மயங்கி விழுந்தா என்னம்மா பண்றது?"

அம்மா பக்கத்தில் நின்ற ஃப்ரேமா பக்கம் திரும்பினார். "சுகர் பாக்குற மெஷின் இருக்கா?"

ஃப்ரேமா கைப்பையிலிருந்து எடுத்தாள். கோயில் உடுப்போடு, எல்லோரும் பார்க்க, துவும்ஃபோ விரலைக் குத்தினார். அம்மா எண்ணை உற்றுப் பார்த்தார். "இது நல்லதா கெட்டதா?"

"நல்லதுதாம்மா," என்றாள் ஃப்ரேமா.

"சரி. ஒரு வாரத்துக்குச் சாவி எடுத்துக்கோ. திங்கக்கிழமை திங்கக்கிழமை கடைக்கு வந்து விரலைக் குத்திக் காட்டணும்."

அப்படித்தான் இன்றும் ஓட்டுகிறார். இந்த வாரமும் சாவி அவரிடம்தான் இருக்கிறது.