விளக்கு மாலை போட்ட கொக்கி

கிள்ளான் ஆற்றங்கரையில் பாழடைந்து கிடந்த சரக்குக் கிடங்குகளுக்கு வர்ணம் அடித்து, மேசை நாற்காலி போட்டு, காப்பிக் கடைகளைத் திறந்துவிட்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஊரே அங்கேதான். பக்கிரிசாமி ஒருவருக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை.

மகள் மலர்விழி வரும் வழியெல்லாம் காரில் சொல்லிக்கொண்டே வந்தாள். "அப்பா, ஒரு மணி நேரம் ஒரே எடத்துல ஒக்காந்திருங்க. வேற ஒண்ணும் வேணாம்லா." வந்திருந்த சம்பந்தம் அப்படி. பிரிக்பீல்ட்ஸ் ஐங்கரன் அவளோடு வேலை செய்பவன்; யாழ்ப்பாணத்து வம்சாவளி. அவன் அம்மா மீனலோசனி அரசாங்க இலாகாவில் முப்பது வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர். ஆளைப் பார்க்கும் பார்வையிலேயே ஃபைலைத் திறந்துவிடுவார். இன்றைக்குப் பேச்சு நல்லபடியாக முடிந்தால் கல்யாணம். முடியாவிட்டால், தாயில்லாத பெண்ணுக்காக இந்த மனுஷன் மறுபடி யாரிடம் போய் நிற்பது?

இடத்தைப் பார்த்தது ஐங்கரன்தான். அங்கிளுக்குப் பழகிய இடமாயிற்றே என்று நினைத்தானாம். பழக்கமா, நல்ல பழக்கம்! அங்கே நிற்கும் கிரேனுக்குக் கீழேயிருந்து பத்தொன்பது வருஷம் கைச்சைகை காட்டியவர் பக்கிரிசாமி. அவர் முஷ்டியை உயர்த்தினால் கொக்கி நிற்கும். விரலைச் சுழற்றினால் இறங்கும். இப்போது கிரேனுக்கு மஞ்சள் அடித்து, கொக்கியில் விளக்கு மாலை தொங்கவிட்டிருந்தார்கள். சனங்கள் வரிசையில் நின்று அதற்குக் கீழே படம் எடுத்துக்கொண்டார்கள். கொக்கி காலியாக இருந்தாலும் கீழே ஆள் நிற்கக்கூடாது என்பது அந்த வேலையில் முதல் சட்டம்.

அந்தச் சட்டம் ஒரே ஒரு நாள் தவறியது. கூட வேலை செய்த பழனியப்பன் கொக்கிக்குக் கீழே குனிந்து மூட்டையைச் சரிசெய்துகொண்டிருந்ததைப் பார்க்காமல், பக்கிரிசாமி விரலைச் சுழற்றிவிட்டார். சரக்கு அவர் மேலேயே இறங்கியது. விசாரிக்க வந்தவர்களிடம், பழனியப்பன் தானாகத்தான் கொக்கிக்குக் கீழே போனார் என்று சொன்னார். செத்தவர் எழுந்து வந்து மறுக்கவா போகிறார்? இருபத்திரண்டு வருஷமாக ஊரும் வீடும் அதைத்தான் நம்பியது. பழனியப்பனின் மனைவியும் அதையே நம்பினார்.

கடையில் பேச்சு தொடங்கியதும், கழிவறைக்கு என்று பக்கிரிசாமி ஒரு தரம் எழுந்தார். காரைப் பூட்டினேனா தெரியவில்லை என்று ஒரு தரம். போன் வருகிறது என்று இன்னொரு தரம். மூன்று முறையும் போனது கிரேனடிக்குத்தான். கொக்கியைக் கெட்டியாக வெல்டிங் செய்து வைத்திருந்தார்கள், அசையாது. ஆனாலும் ஒவ்வொரு தரமும் அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் வந்தார். அவர் திரும்பி வந்து உட்காரும்போதெல்லாம் மீனலோசனியின் முகம் இறுகிக்கொண்டே போனது. மலர்விழிக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது.

நிலைமையைச் சமாளிக்க அவள் மீனலோசனியைப் படம் எடுக்கக் கூட்டிப்போனாள். இரண்டு பேரும் போய் நின்றது கொக்கிக்கு நேர் கீழே. காற்றடித்து விளக்குகள் ஆடின.

பக்கிரிசாமி எப்படி ஓடினார் என்று அவருக்கே தெரியாது. "தெப்பி! தெப்பி!" என்று வேலைக்காலத்து மலாயில் விலகச் சொல்லிக் கத்தியபடி, ஒரு கையால் மகளைத் தள்ளி, மறு கையால் சம்பந்தியம்மாளின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தார். கைப்பை தெறித்து விழுந்தது. வரிசையில் நின்றவர்கள் விலகி ஓடினார்கள்.

அது வெல்டிங் செய்தது அங்கிள் என்று ஐங்கரன் மெதுவாகச் சொன்னான்.

"தெரியும் தம்பி. மூணு தரம் பாத்துட்டேன்."

இனி மறைத்து என்ன ஆகப்போகிறது? கல்யாணம் கெட்டது கெட்டதுதான் என்று, நின்ற இடத்திலேயே எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். விரலைச் சுழற்றியதையும், செத்தவர் மேல் பழி போட்டதையும். மலர்விழி அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மீனலோசனி கைப்பையை எடுத்துத் தூசி தட்டினார். "எங்களப் பிடிக்காமத்தான் எழும்பி எழும்பிப் போறீங்கள் எண்டு நினைச்சன்" என்றார். பிறகு, பழனியப்பனின் மனைவி இப்போது எங்கே என்று விசாரித்தார். காப்பார் ஊரில் மகனோடு இருப்பதாகப் பக்கிரிசாமி சொன்னார்.

"அப்ப முதல் கார்டு அவவுக்குத்தான் குடுக்கோணும். குடுக்கேக்க இதையும் சொல்லிப்போடுங்கோ. நானும் வாறன்."

கல்யாணம் நடக்கப்போகிறது என்பதே அப்போதுதான் அவருக்கு உறைத்தது. சந்தோஷப்பட வேண்டிய மனுஷன் வேறொன்றைக் கேட்டார்.

"அந்தம்மா கார்ட வாங்குவாங்களா?"

"வாங்காட்டியும் சொல்லத்தான் வேணும்" என்றார் மீனலோசனி.