காளவாசலில் நான் தனியாகச் சுற்றிய நாள்

எனக்குப் பத்து முடிந்து பதினொன்று நடந்துகொண்டிருந்தபோது, சித்தப்பா என்னை மதுரையில் ஒரு முழு நாள் தனியாகச் சுற்றிப் பார்க்க விட்டார். கேட்கிற யாரும் முதலில், கொடுத்துவைத்தவள் என்றுதான் சொல்வார்கள். அன்று காலை நானும் அப்படித்தான் நினைத்தேன்.

எங்கள் ஊர் அலங்காநல்லூருக்கு வடக்கே இருக்கிறது. மதுரைக்குப் பஸ்ஸில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. ஆனாலும் நான் மதுரையைப் பார்த்தது இரண்டே முறை. இரண்டு முறையும் கோயிலுக்கு, இரண்டு முறையும் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு. கூட்டத்தில் பெரியவர்களின் முதுகையும் இடுப்பையும் பார்த்ததை ஊரைப் பார்த்ததாகச் சொல்ல முடியாது. என் வகுப்பில் விளாங்குடியிலிருந்து வந்து சேர்ந்த ஒரு பெண், தானாகக் கதவு திறக்கிற கடைகளைப் பற்றி ஓயாமல் அளந்துகொண்டிருப்பாள். அந்தக் கதவையாவது பார்த்துவிட வேண்டும் என்று வீட்டில் நச்சரித்துக்கொண்டே இருந்தேன்.

அந்த வருஷம் என் நச்சரிப்பை யாரும் காதில் வாங்கவில்லை. ஏழு மாதத்துக்கு முன்பு அக்கா வீட்டைவிட்டுப் போயிருந்தாள். என்னைவிட ஒன்பது வயது மூத்தவள். கல்லூரிக்குப் போகிற பஸ்ஸில் பழக்கமான ஒருவரைப் பதிவு அலுவலகத்தில் கல்யாணம் செய்துகொண்டாள். அவரும் எங்கள் ஊர்தான், மேற்குக் கடைசித் தெரு. அந்தத் தெருக்காரர்கள் எங்கள் வீட்டுக்கு வந்தால் வாசலோடு நின்று பேசிவிட்டுப் போவார்கள். ஏன் உள்ளே வருவதில்லை என்று நான் கேட்டதில்லை. யாரும் கேட்பதில்லை.

அக்கா போனபிறகு அப்பா பேச்சைக் குறைத்துக்கொண்டார். அம்மா எனக்குத் தலை பின்னும்போது பாதியில் நிறுத்திவிட்டு எழுந்து போய்விடுவாள். ஒன்றும் நடக்காததுபோல இருந்தவர் சித்தப்பா ஒருவர்தான். எப்போதும்போலச் சிரித்தார், எனக்கு மிட்டாய் வாங்கி வந்தார், வண்டியில் முன்னால் உட்கார வைத்து வயலுக்கு ஓட்டிக்கொண்டு போனார். அவரைப்போல நல்லவர் எங்கள் வீட்டில் இல்லை என்று நான் முடிவுசெய்திருந்தேன்.

ஒருநாள் மோட்டார் அறைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது அவர் கேட்டார்: “ஏத்தா, மதுரைய தனியா சுத்திப் பாக்குற அளவுக்கு ஒனக்குத் தைரியம் இருக்கா?”

இருக்கிறது என்றேன். அப்போதுதான் ரகசியத்தைச் சொன்னார். காளவாசலில் அக்கா பஸ் இறங்கியதை நம் ஊர்க்காரர் ஒருவர் பார்த்திருக்கிறார். அந்தப் பக்கம்தான் எங்கோ வேலை பார்க்கிறாள்.

“எங்களப் பாத்தா பயந்து ஓடிருவா. ஒன்னையப் பாத்தா ஓடமாட்டா. நீ பாட்டுக்கு ஊரச் சுத்திப் பாரு. அவளா வந்து ஒன்னையப் புடிச்சுக்குவா. வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தம்னா ஒங்க ஆத்தா மொகம் எப்படி மலருதுன்னு பாரு.”

யாருடன் வந்தாய் என்று அக்கா கேட்டால், தனியாகத்தான் வந்தேன் என்று சொல்ல வேண்டும். அது ஒன்றுதான் நிபந்தனை. அம்மாவிடம், பிள்ளைக்கு ஊரைச் சுற்றிக் காட்டிவிட்டு வருகிறேன் என்று சொன்னார். அம்மாவுக்குச் சந்தோஷம்தான். நான் பள்ளிக்கூடச் சுற்றுலாவுக்குப் போட்ட பச்சைப் பாவாடையை எடுத்தேன். சித்தப்பா வேண்டாம் என்றார். தீபாவளிக்கு எடுத்த ஆரஞ்சு நிறச் சுடிதாரைப் போடச் சொன்னார். அதுதான் எடுப்பாக இருக்குமாம்.

காலை ஒன்பது மணிக்கு என்னைக் காளவாசலில் இறக்கிவிட்டு, சாயங்காலம் ஐந்து மணிக்கு அதே இடத்தில் நிற்கச் சொல்லிவிட்டு வண்டியைத் திருப்பினார். அவர் போன திசையை நான் பார்க்கவில்லை. எனக்கு முன்னால் மதுரை இருந்தது.

நான்கு பக்கமிருந்தும் பஸ்ஸும் ஆட்டோவும் லாரியும் ஒன்றின்மேல் ஒன்று ஏறிவிடுவதுபோல வந்து, எப்படியோ மோதாமல் பிரிந்து போயின. பைபாஸ் ரோட்டின் ஓரமாகவே நடந்தேன். தரைக்கல் விற்கிற கடை, கட்டில் மெத்தைக் கடை, செல்போன் கடை, வாசலில் பொம்மைகளுக்குச் சேலை கட்டி நிறுத்தியிருந்த ஜவுளிக்கடை. தானாகத் திறக்கிற கதவையும் கண்டுபிடித்தேன். நான்கு முறை முன்னால் போய் நின்றேன், நான்கு முறையும் திறந்தது. ஐந்தாம் முறை காவலாளி, “பாப்பா, வெளையாடாம போ” என்று விரட்டினார்.

நடுநடுவே அக்காவையும் தேடினேன். ஒற்றைப் பின்னல் போட்ட ஒவ்வொரு பெண்ணையும் முந்திப் போய்த் திரும்பிப் பார்த்தேன். ஒருத்தி என் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனாள். ஒருத்தி பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

பத்தரை மணிக்கெல்லாம் ஊர் அலுக்க ஆரம்பித்துவிட்டது. ஆற்றைப் பார்க்கலாம் என்று வழி கேட்டு அரப்பாளையம் பக்கம் நடந்தேன். பாலத்திலிருந்து பார்த்தால் வைகையில் தண்ணீருக்குப் பதில் ஆகாயத்தாமரையும் நான்கு எருமைகளும் இருந்தன. திரும்பி வந்தபோது வெயில் மண்டையைப் பிளந்தது. அதைவிடப் பெரிய கஷ்டம் ஒன்று வந்தது. அத்தனை பெரிய ஊரில் ஒரு சிறுமி ஒதுங்க இடம் இல்லை. அடக்கிக்கொண்டு எத்தனை கடைகளைத் தாண்டினேன் என்று தெரியாது. கடைசியில் ஒரு பெட்ரோல் பங்க்கில் காற்றடிக்கிற பெண்ணிடம் போய் நின்றேன். வாயைத் திறப்பதற்குள் அழுகை வந்துவிட்டது. அவள் புரிந்துகொண்டு பின்பக்கம் கூட்டிப்போனாள். “ஒத்தையிலயா வந்த? ஒங்க வீட்டுல அம்புட்டு நெஞ்சழுத்தக்காரவுகளா?” என்றாள். எங்கள் வீட்டைத் திட்டுகிறாளே என்று எனக்குக் கோபம் வந்தது. நன்றிகூடச் சொல்லாமல் வந்துவிட்டேன்.

ஒரு கடையில் இரண்டு வடை தின்றேன். பிறகு போவதற்கு இடம் இல்லாததால் போன இடங்களுக்கே திரும்பவும் போனேன். செருப்பு கடித்தது. சித்தப்பாவிடம் என்ன சொல்வது என்று நினைக்க நினைக்க, நான்தான் ஏதோ தப்புச் செய்துவிட்டதுபோல இருந்தது. மூன்று மணி இருக்கும். எதிர்ப்பக்கம் ஒரு பின்னல் தெரிந்தது. இந்த முறை அக்காவேதான் என்று தோன்றியது. ஓடினேன்.

ரோட்டைக் கடக்கத் தெரியாதவள் நான். எங்கள் ஊரில் ரோட்டை யாரும் கடப்பதில்லை, நடக்கிறார்கள், அவ்வளவுதான். இடது பக்கமிருந்து வந்த வண்டி என்னைத் தட்டிவிட்டது. ஓட்டிவந்தவர் பிரேக் பிடித்ததால் பெரிய அடி இல்லை. முழங்காலும் உள்ளங்கையும் தோல் உரிந்து தார்மேல் உட்கார்ந்திருந்தேன். பயத்தில் அம்மா என்றுதான் கத்தினேன். வந்தது அக்கா.

நான் துரத்திய பெண் யாரோ. அக்கா இந்தப் பக்கத்து ஜெராக்ஸ் கடையிலிருந்து செருப்பில்லாமல் ஓடிவந்தாள். என்னைத் தூக்கினாள், முகத்தைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், முதுகில் ஓர் அடி வைத்தாள், பிறகு கட்டிக்கொண்டாள். மெலிந்திருந்தாள். அவளுடைய கழுத்தெலும்பு என் நெற்றியில் குத்தியது.

கடைக்குள் கூட்டிப்போய் முழங்காலைக் கழுவிவிட்டாள். அங்கே கூட வேலை பார்த்த இன்னொரு அக்கா பன்னும் ரோஸ்மில்க்கும் வாங்கி வந்தாள்.

“யாரு கூட பாப்பா வந்த?”

“தனியாத்தான் வந்தேன்.”

அக்கா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். திரும்பக் கேட்கவில்லை. அம்மா சாப்பிடுகிறாளா, அப்பாவுக்கு இருமல் எப்படி இருக்கிறது, மாடு கன்று போட்டதா என்றெல்லாம் கேட்டாள். எல்லாவற்றுக்கும் வாய் நிறைய பன்னோடு பதில் சொன்னேன். “தல எப்படிக் கெடக்குது பாரு” என்று என்னைக் கண்ணாடிக் கதவைப் பார்க்கத் தரையில் உட்கார வைத்து, பின்னலைப் பிரித்து, புழுதியைத் தட்டிச் சீவ ஆரம்பித்தாள். ஏழு மாதத்தில் முதல் முறையாக என் தலையை ஒருவர் நிதானமாகச் சீவினார்.

பாதிப் பின்னலில் அவள் கை ஒரு கணம் நின்றது. கூட வேலை பார்த்தவள் குனிந்து அவள் காதில் எதையோ அவசரமாகச் சொன்னாள். அக்கா பதிலுக்கு மெல்ல ஏதோ சொன்னாள். கை மறுபடி நகர்ந்தது. ரிப்பனை முடிந்து, நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கிவிட்டு, அவள் எழுந்தபோது கதவைத் தள்ளிக்கொண்டு சித்தப்பா உள்ளே வந்தார். ஐந்து மணிக்கு வருகிறேன் என்றவர் நான்குக்கே வந்துவிட்டாரே என்று எனக்கு ஒரே சந்தோஷம். சிரித்துக்கொண்டிருந்தார்.

“என்னத்தா, நல்லாருக்கியா? ஒங்க ஆத்தாவுக்கு முடியல. ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போ. வண்டி நிக்குது.”

காலையில் மாவு ஆட்டிக்கொண்டிருந்த அம்மாவுக்கு அதற்குள் என்ன ஆனது என்று கேட்க வாயெடுத்தேன். அக்கா என் தோளை அழுத்தினாள். வாசலில் ஒரு கார் நின்றது. அதனருகே எங்கள் உறவுக்காரர்கள் இரண்டு பேர். அக்கா செல்போனை எடுத்தாள். விளாங்குடியில் தண்ணீர் கேன் கம்பெனியில் வேலை பார்க்கும் தன் வீட்டுக்காரருக்குச் சொல்லிவிட்டு வருவதாகச் சொன்னாள். சித்தப்பா போனை மெதுவாக அவள் கையிலிருந்து வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, “நான் சொல்லிக்கிறேன்” என்றார்.

காரில் அக்கா என் கையைப் பிடித்தபடியே வந்தாள். முன்னால் உட்கார்ந்திருந்த உறவுக்காரர் திரும்பி, “என்னா நடை நடக்குறா இந்தப் புள்ள! பின்னாடியே சுத்தி எங்க காலுதான் போச்சு” என்றார். என் தைரியத்தைப் பாராட்டுகிறார் என்று எடுத்துக்கொண்டேன். அக்காவைப் பெருமையாக நிமிர்ந்து பார்த்தேன். அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

வீட்டில் அம்மா கொல்லையில் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தாள். காரிலிருந்து அக்கா இறங்கியதைப் பார்த்ததும் சித்தப்பா சொன்னதுபோல அவள் முகம் மலரவில்லை. “எதுக்குடி வந்த? எதுக்குடி வந்த?” என்று மார்பில் அடித்துக்கொண்டாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

மறுநாள் விடிந்ததும் என்னை அத்தை ஊரில் கொண்டுபோய் விட்டார்கள். ஐந்து நாள் விளையாடினேன். ஆறாம் நாள் அத்தை என்னைக் கூட்டிக்கொண்டு வந்தபோது வீடு கழுவிவிடப்பட்டிருந்தது. அக்கா வயிற்றுவலி தாங்காமல் பூச்சிமருந்தைக் குடித்துவிட்டாள் என்றார்கள். எரித்தும் விட்டிருந்தார்கள். அக்காவின் வீட்டுக்காரர் போலீஸுக்குப் போனார். விசாரிக்க வந்தவர்களிடம் ஊரே வயிற்றுவலி என்றுதான் சொன்னது. என்னையும் கேட்டார்கள். அக்காவுக்கு அடிக்கடி வயிறு வலிக்கும் என்று நானும் சொன்னேன். சித்தப்பா சொல்லச் சொன்னார். பிறகு அக்காவின் வீட்டுக்காரர் ஊரைவிட்டே போய்விட்டார், திருப்பூர் என்று கேள்வி. அப்பாவுக்கு முன்பே எல்லாம் தெரியுமா என்று இன்றுவரை நான் கேட்கவில்லை. அந்தப் பொங்கலுக்குச் சித்தப்பா எனக்கு வெள்ளிக் கொலுசு வாங்கித் தந்தார். இரண்டு வருஷம் போட்டிருந்தேன்.

எனக்கு எப்போது புரிந்தது என்று கேட்டால் நாள் சொல்ல முடியாது. ஒரே நாளில் திடீரென்று புரிந்துவிடவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகப் புரிந்தது. அந்த ஆரஞ்சு நிறத்தைத் தூரத்திலிருந்தும் தவறவிட முடியாது என்பது புரிந்தது. கொலுசைக் கழற்றினேன். சித்தப்பா இருக்கிற அறையில் உட்காருவதை நிறுத்தினேன்.

கல்லூரியில் சேர்ந்து மதுரையிலேயே விடுதியில் தங்கிய பிறகு ஒரு மத்தியானம் அந்த ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். அந்த இன்னொரு அக்கா அங்கேதான் இருந்தாள். நான் யாரென்று சொன்னதும் மெஷினை நிறுத்தினாள். பிறகு, கேட்காமலேயே சொன்னாள்.

“ஒங்க சித்தப்பா எதுத்த பக்கம் வண்டிய நிறுத்துனத ஒங்க அக்கா பாத்துருச்சு. பின்கதவு தெறந்துதான் கெடக்கு, ஓடிருடின்னு சொன்னேன். கேக்கல. ‘நான் ஓடுனா இவளும் என் பின்னாடியே ஓடி வருவா, ரெண்டு பக்கமும் பாக்காம ரோட்டுல பாஞ்சிருவா’ அப்படின்னுச்சு. பின்னிக்கிட்டே இருந்துச்சு.”

அந்தக் கடையின் தரையில் உட்கார்ந்திருந்தபோது எனக்குத் தெரிந்ததெல்லாம், அக்கா வழக்கத்தைவிட மெதுவாகப் பின்னுகிறாள் என்பது மட்டும்தான். ரோஸ்மில்க் சூடாகிக்கொண்டிருந்தது. சீக்கிரம் முடிக்கா என்று இரண்டு முறை சிணுங்கினேன்.