ஒருநாளும் விடாத மாத்திரை

தென்காசியில் பார்மசி படிக்கிறேன். வீடு வீடாகப் போய், மாத்திரைகளைச் சரியாகச் சாப்பிடுகிறார்களா என்று கேட்டுப் படிவம் நிரப்புவதும் எங்கள் படிப்பில் சேர்த்தி. வடகரையில் எனக்குக் கிடைத்தது பேச்சியம்மாள் அக்காவின் வீடு. சர்க்கரை மாத்திரையை அடிக்கடி விட்டுவிடுவதாகச் சொன்னார். "இனி ஒருநாளும் விடக்கூடாதுக்கா" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டு வந்தேன்.

மறுவாரம் வெள்ளிக்கிழமை மத்தியானம் போனபோது, சுவரில் சாய்ந்து நடுங்கிக்கொண்டிருந்தார். ஆடிச் சாரலில் குளிர்கிறது போல என்றுதான் நினைத்தேன். கிட்டே போனால் நெற்றியெல்லாம் வியர்வை. பேச்சு குழறியது.

"நீ சொன்னபடி மாத்திரையை விடல தாயி. இன்னைக்கு விரதம்லா, வேற ஒண்ணும் சாப்பிடல."

சர்க்கரை இறங்கிவிட்டது என்று புரிந்தது. சீனித் தண்ணீர் கலந்து நீட்டினேன். வாயை இறுக மூடிக்கொண்டார். மாத்திரைக்குக் குடித்த ஒரு மடக்கைத் தவிர, கோயிலுக்குப் போய்வரும்வரை பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படக்கூடாதாம். நடுக்கம் கூடிக்கொண்டே போனது. நான் போட்ட கூச்சலில் அவர் கணவர் தென்னந்தோப்பிலிருந்து ஓடிவந்தார்.

"ஏட்டி, குடிச்சிரு! அம்மன்கிட்ட நான் சொல்லிக்கிடுதேன்!"

அதன் பிறகுதான் அக்கா வாயைத் திறந்து குடித்தார். ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை ஆட்டோவில் அவர் கையை நான் விடவில்லை. பிழைத்துக்கொண்டார்.

அந்த மாத்திரையைப் போட்டுவிட்டுப் பட்டினி கிடந்தால் சர்க்கரை ஒரேயடியாக இறங்கிவிடும் என்று பரீட்சையில் எழுதியவள்தான் நான். படிவத்தில் விரதம் பற்றிக் கேள்வி இல்லை, நானும் கேட்கவில்லை.

இப்போது படிவத்தைப் பிரிக்கும் முன்பே, "என்னைக்கெல்லாம் விரதம் இருப்பீங்க?" என்று கேட்டுவிடுகிறேன். அன்றைக்கு மாத்திரையை என்ன செய்வதென்று டாக்டரிடம் கேட்கச் சொல்கிறேன். 'ஒருநாளும்' என்ற வார்த்தை மட்டும் என் வாயில் வருவதே இல்லை.